உளவாளி எங்களைப் பார்த்துப் பேச வேண்டாம்

வரலாற்று உளவுப் படங்களை எழுதுபவர்களுக்கும் இயக்குபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் படம் ஒன்று திரைக்கு வந்த அன்றே பார்வையாளர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். "இன்றைய அரசியலைக் கொண்டுபோய் அன்றைய கதையில் திணித்திருக்கிறார்கள், இது பிரசாரம்" என்கிறது ஒரு கூட்டம். "உளவு என்பதே அரசியல் வேலை. அதில் அரசியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த அரசியல் நிற்கிற பக்கம்தான் பிடிக்கவில்லை" என்கிறது இன்னொரு கூட்டம். ஒரு வாரம் சண்டை நடக்கும். பிறகு அடுத்த படம் வரும், அதே சண்டை வேறு பெயரில் தொடங்கும். இந்தச் சத்தத்தில் படம் எடுத்த உங்களிடம் யாரும் நேராக எதையும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த மடல்.

இந்த வகைப் படங்கள் எனக்கு உயிர். சங்கேதக் குறிகள், போலி அடையாள அட்டைகள், ஒரு பெட்டிக்குள் அடங்கும் வானொலிக் கருவி என்று எதைக் காட்டினாலும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உங்கள் படங்களில் அரசியல் வேண்டாம் என்று கேட்க நான் வரவில்லை. அரசியலை எடுத்துவிட்டால் உளவுக்கதையில் மிஞ்சுவது துரத்தலும் துப்பாக்கியும்தான். நான் கேட்பது வேறு. அந்த மனிதர்களுக்கு அவர்களுடைய அரசியல் இருந்தது. அதை அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டு நம்முடையதைக் கையில் கொடுக்காதீர்கள்.

பார்வையாளர்களுக்கு எந்த இடத்தில் உறுத்துகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "திணிப்பு" என்ற புகார் பெரும்பாலும் தவறான இடத்தின்மேல் விழுகிறது. ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் வண்டி வந்து நிற்கிறது. மாடியில் ஒரு பெண் கருவியை மூடிவைத்துவிட்டுத் தன் கூட்டாளியிடம் பேசத் தொடங்குகிறாள். முதல் இரண்டு வாக்கியங்கள் அவனுக்கு. மூன்றாவது வாக்கியத்திலிருந்து அவள் எங்களிடம் பேசுகிறாள். சொற்கள் மாறுகின்றன, குரல் மேடைக்கு ஏறுகிறது, பின்னணி இசை கைதட்டலுக்கு இடம் விட்டு ஒதுங்குகிறது. அவள் சொல்லும் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இருக்கலாம். ஆனாலும் அந்த நொடியில் கீழே நிற்கும் வண்டி எனக்கு மறந்துபோகிறது. அவளுக்கும் மறந்துவிட்டது என்றுதானே பொருள்? சாவு படியேறி வரும்போது ஒருத்தி சொற்பொழிவாற்றுகிறாள் என்றால் அந்தச் சாவை எழுதியவரே நம்பவில்லை.

மற்ற வரலாற்றுப் படங்களிலும் இந்தக் குறை உண்டு. ஆனால் அரசனும் புரட்சிக்காரனும் பேசிப் பிழைக்கிறவர்கள், அவர்கள் முழங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். உளவாளியோ பேசாமல் பிழைக்கிறவர். நெஞ்சில் இருப்பதை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் அவருடைய தொழிலின் முதல் பாடம். அவரை வாய் திறந்து கொள்கை முழங்கவைத்தால் கொள்கையும் போகிறது, தொழிலும் போகிறது.

டீட்ரிக் போன்ஹோஃபரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியப் பாதிரியார், அமைதிவாதி, காந்தியைச் சந்திக்க இந்தியா வர விரும்பியவர். 1940இல் ஜெர்மன் ராணுவ உளவுத் துறையான ஆப்வேரில் சேர்ந்தார். ஹிட்லருக்கு எதிரான சதி அங்கேதான் மறைவில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம், பிரான்ஸ் விழுந்த செய்தி ஒலிபெருக்கியில் வந்தபோது அவரும் நண்பர் பெட்கேயும் மேமல் என்ற ஊரில் ஒரு காப்பிக்கடையின் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் துள்ளி எழுந்து பாடினார்கள், கையை நீட்டி வணக்கம் வைத்தார்கள். போன்ஹோஃபரும் எழுந்து கையை நீட்டினார். திகைத்துப்போய் உட்கார்ந்திருந்த நண்பரிடம், கையைத் தூக்கு, உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். பிற்பாடு, நாம் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன, இந்த வணக்கத்துக்காக அல்ல என்ற பொருளில் சொன்னார். இதைப் பதிவுசெய்தவர் அந்த நண்பரேதான்.

இந்த ஒரு காட்சியில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்று பாருங்கள். தான் வெறுக்கும் ஒரு வணக்கத்தைத் தன் கையாலேயே வைக்கும் ஒரு கிறிஸ்தவப் போதகர். சர்வாதிகாரம் மனிதனை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இதே காட்சியை இன்று எழுதினால், அவர் கையைத் தூக்க மறுத்து நான்கு வரி வசனம் பேசுவதாகத்தான் நம்மில் பலர் எழுதுவோம். அரங்கமும் தட்டும். தட்டிய கை ஓய்வதற்குள் அந்த மனிதர் செத்துப்போயிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1942 முடியும் தறுவாயில் தன் கூட்டாளிகளுக்காக அவர் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. தீய செயல்களுக்கு மௌன சாட்சிகளாக இருந்துவிட்டோம், பாசாங்கையும் இருபொருள்படப் பேசுவதையும் கற்றுக்கொண்டோம், இனி நம்மால் எதற்காவது பயன் உண்டா என்று அதில் கேட்கிறார். உளவு வேலை தன் ஆன்மாவை அரித்துவிட்டதோ என்ற அச்சம் அது. 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். இப்படித் தன்னையே சந்தேகித்த ஒருவரை இன்று எத்தனை பேர் தங்கள் கொடிக்கம்பமாக்குகிறார்கள்! 2024இல் அவரைப் பற்றிய திரைப்படம் ஒன்று வெளியான நேரத்தில், அவருடைய குடும்ப வழித்தோன்றல்கள் பொது அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. வலதுசாரித் தீவிரவாதிகள் அவர் பெயரைத் தங்கள் நோக்கத்துக்கு வளைக்கிறார்கள் என்று அதில் எதிர்த்தார்கள். இறந்தவரால் மறுத்துப் பேச முடியாது. அவருக்காகப் பேரப்பிள்ளைகளின் தலைமுறை எழுந்து மறுக்க வேண்டிய நிலை வந்தால், அதில் படம் எடுப்பவர்களும் விளம்பரம் எழுதுபவர்களும் யோசிக்க நிறையவே இருக்கிறது.

அடுத்து நூர் இனாயத் கான். இந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு அலுக்காது. 1914இல் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை இந்திய இசைக்கலைஞர், சூஃபி ஞானி. திப்பு சுல்தானின் வழிவந்த குடும்பம். அகிம்சையைச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண். குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். 1943 ஜூனில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்கு, வானொலிக் கருவியில் ரகசியச் செய்தி அனுப்பும் வேலைக்காகப் பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் அவர்தான்.

அவர் போய் இறங்கிய சில நாட்களிலேயே அங்கிருந்த பிரிட்டிஷ் உளவு வலைப்பின்னல் சரிந்தது. திரும்பி வந்துவிடு என்று லண்டன் அழைத்தது. மறுத்துவிட்டு, பாரிசிலிருந்து செய்தி அனுப்புவதைத் தொடர்ந்தார். அலை வரும் திசையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் வண்டிகள் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்த நகரத்தில், கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார். அக்டோபரில் பிடிபட்டார். தப்பிக்க இரண்டு முறை முயன்றார். 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் முகாமில் சுடப்பட்டார். 1949இல் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் அவர் இறந்தபின் வழங்கப்பட்டது.

இப்படிப்பட்டவர் திரையில் வரும்போது, "இந்தக் கதாபாத்திரமே இன்றைய அரசியலுக்காக நுழைக்கப்பட்டது" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பகுதியினர் சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. உயிரோடு இருந்தவரை, உயிரைக் கொடுத்தவரை, ஒதுக்கீட்டில் வந்தவர்போல நடத்துவது அநியாயம். போர்க்காலத்தில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்த பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கில் வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு பெண்கள். அந்த இடத்தின் ரகசியமே 1970களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பழைய படங்களில் அவர்கள் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பூட்டிக் கிடந்த கோப்பு திறந்து, அதற்குள் இருந்த மனிதர் வெளியே வந்தால் அது வரலாறு. இதை எங்கள் ஆட்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்கு இதில் பாரம் வேண்டாம்.

ஆனால் நூர் வாயில் நீங்கள் வைக்கும் வசனம் உங்கள் பாரம்தான். போர் நடக்கும்வரை பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசமாக இருப்பேன், போர் முடிந்தபிறகு இந்தியாவின் விடுதலைக்குத் துணை நிற்க வேண்டும் என்று தோன்றலாம் என, தன்னைத் தேர்வு செய்ய உட்கார்ந்திருந்த அதிகாரிகளிடமே அவர் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. எவ்வளவு விசித்திரமான, எவ்வளவு நேர்மையான நிலை! ஏகாதிபத்தியத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஏகாதிபத்தியத்தின் படையில் பதவியைக் கேட்டபடி, உங்களை எதிர்க்கும் நாளும் வரலாம் என்கிறார். இதை எடுத்துவிட்டு காலனியம் பற்றி இன்றைய கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை அவருக்குக் கொடுத்தால் அவர் சிறுத்துப்போகிறார். அவரை வெறும் பிரிட்டிஷ் வீராங்கனையாக்கி இந்தியாவைப் பற்றி மூச்சே விடாமல் இருந்தாலும் அதே அளவு சிறுத்துப்போகிறார்.

இன்னொன்றும் உண்டு. அனுப்பிய செய்திகளை எல்லாம் நூர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அது ஜெர்மானியர் கையில் சிக்கியது. அதை வைத்து அவர் பெயரிலேயே லண்டனுக்குப் பொய்ச் செய்திகள் அனுப்பினார்கள். லண்டன் நம்பியது. அதை நம்பி வான்வழி இறக்கப்பட்டவர்கள் நேராக எதிரியின் கையில் போய் விழுந்தார்கள். முன்மாதிரியாக ஒருவரை நிறுத்த வேண்டும் என்ற அவசரத்தில் எழுதப்படும் திரைக்கதை இந்தக் குறிப்பேட்டைத் தொடவே தொடாது. தொட்டால் அவருடைய துணிச்சல் குறைந்துவிடுமா என்ன? பயிற்சிக் காலத்திலேயே, இவர் களத்துக்குப் பொருத்தமானவரா என்று மேலதிகாரிகளுக்குச் சந்தேகம் இருந்தது. அப்படியும் அனுப்பினார்கள், அவரும் போனார், நிலைத்து நின்றார். குறைகளோடு நின்றதால்தான் அந்த நிலைப்புக்கு எடை. செய்தி சொல்லும் படங்களுக்கு மாசற்ற மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். உளவு வரலாற்றிலோ மாசற்றவர் ஒருவரைக்கூடத் தேடிப்பிடிக்க முடியாது.

நான் இதுவரை சொன்னதைக் கேட்டு, "பார்த்தீர்களா, முற்போக்கு அரசியல்தான் படங்களைக் கெடுக்கிறது" என்று யாராவது துள்ளினால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொடியைப் போர்த்திக்கொண்டு வரும் வசனம் மட்டும் அன்றைய காலத்துப் பேச்சா? இன்றைய தேர்தல் மேடையில் கேட்கும் அதே முழக்கம், அதே எதிரி, மார்பைத் தட்டும் அதே தொனி. நாற்பதுகளில் நடக்கும் கதையில் அதை வைத்தால் "தேசப்பற்று" என்று பெயர் வைத்துக் கைதட்டிவிட்டு, ஒரு பெண் உளவாளி தன் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி கேட்டால் "திணிப்பு" என்பது ஒரே அளவுகோல் ஆகாது.

பகத் ராம் தல்வாரின் வாழ்க்கை இதற்குத் தோதான சோதனை. 1941இல் சுபாஷ் சந்திர போஸ் பிரிட்டிஷார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வெளியேறியபோது, பெஷாவரிலிருந்து காபூல்வரை அவரைக் கூட்டிச்சென்றவர். போஸுக்குப் பஷ்தோ மொழி தெரியாது என்பதால் காது கேளாத, பேச முடியாத பெரியவராக நடித்தபடி போனார், பக்கத்தில் ரஹ்மத் கான் என்ற பெயரில் தல்வார். பஞ்சாப் ஆளுநரைச் சுட்டதற்காகத் தல்வாரின் சகோதரர் ஹரி கிஷனைப் பிரிட்டிஷார் 1931இல் தூக்கிலிட்டிருந்தார்கள். இதோடு நிறுத்தினால் யாரும் எழுதிவிடக்கூடிய கதை. ஆனால் தல்வார் இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்தவர். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் யூனியன்மேல் படையெடுத்ததும் அவருடைய கணக்கு மாறியது. ஜெர்மானியர் தந்த பணத்தை வாங்கிக்கொண்டே, அவர்களுக்குப் பொய்த் தகவல் அனுப்பினார். ஒரு கட்டத்தில், தன் சகோதரரைத் தூக்கிலிட்ட அதே பிரிட்டிஷ் அரசுக்கு "சில்வர்" என்ற ரகசியப் பெயரில் வேலை செய்தார். இத்தாலி, ஜெர்மனி, சோவியத், பிரிட்டன், ஜப்பான் என்று ஐந்து நாடுகளுக்கு உளவாளி. ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கமே கொடுத்தது.

அவர் தேசபக்தரா, துரோகியா? இன்றைய முழக்கம் எதையும் அவர்மேல் ஒட்டிப் பாருங்கள், நிற்காது. போஸுக்கு வழிகாட்டியவர் என்று மாலை போடப் போனால் அடுத்த அத்தியாயம் தடுக்கும். பாசிசத்தை எதிர்த்தவர் என்று கொண்டாடப் போனால், தன்னை நம்பிய போஸையும் சேர்த்தே ஏமாற்றினார் என்பது தடுக்கும். இந்தச் சிக்கலைச் சுருக்கி ஒரு பக்கத்துக்கு மட்டும் கைதட்டல் வாங்கினால் உங்களுக்கு ஒரு வெற்றிப்படம் கிடைக்கலாம். இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பது மட்டும் பார்த்தவர்களுக்குக் கடைசிவரை தெரியாமல் போகும்.

அப்படியானால் படத்தில் கருத்தே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஜேம்ஸ் ஆர்மிஸ்டெட்டின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் வர்ஜீனியாவில் அடிமையாக இருந்தவர். 1781இல் தப்பி ஓடிவந்த அடிமைபோல நடித்துப் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் முகாமுக்குள் நுழைந்தார். அங்கிருந்து, அமெரிக்கர் பக்கம் நின்ற பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டுக்குத் தகவல் அனுப்பினார். பிரிட்டிஷாரோ, அமெரிக்கரை வேவு பார்த்து வா என்று அவரையே அனுப்பினார்கள். போர் முடிந்தது. படைவீரராகப் போரிட்ட அடிமைகளை விடுவிக்க 1783இல் வர்ஜீனியா சட்டம் போட்டது. அவருக்கு அது பொருந்தவில்லை. அவர் வீரர் இல்லையாம், உளவாளியாம்! 1784இல் லஃபாயெட் தன் கைப்பட நற்சான்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் மனுப்போட்டுக் காத்திருந்து, 1787இல்தான் அவர் விடுதலை பெற்றார். பிறகு லஃபாயெட் என்ற பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

இதில் நீங்கள் என்ன வசனம் சேர்க்கப்போகிறீர்கள்? விடுதலைக்காகப் போரிட்ட ஒரு நாடு, அதற்காக உளவு பார்த்தவரை அடிமையாகவே வைத்திருந்தது. சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பிரிவை வாசிக்கும் குமாஸ்தாவைக் காட்டினால் போதும். இனவெறியைப் பற்றி அரைமணி நேரம் பேசினாலும் கிடைக்காத சூடு அதில் இருக்கிறது. இன்றைக்கும் அது எங்கே பொருந்துகிறது என்பதைப் பார்ப்பவர் தானே கண்டுகொள்வார். அந்த வேலையை எங்களுக்கு விடுங்கள், எங்களால் முடியும்.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க உளவாளி வர்ஜீனியா ஹாலையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டையில் நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்ததால் அமெரிக்க வெளியுறவுப் பணி அவருக்குக் கதவைச் சாத்தியது. அதே பெண் பிரான்சில் எதிர்ப்பியக்கத்தைக் கட்டினார், 1942 நவம்பரில் மரக்காலோடு பிரனீஸ் மலையைத் தாண்டினார், 1945இல் பதக்கம் கிடைத்தபோது முகம் தெரிந்துவிட்டால் வேலை கெடும் என்று பொது விழாவே வேண்டாம் என்றார். பாராட்டு மேடையையே மறுத்தவரைத் திரையில் மேடையேற்றிப் பேசவைக்காதீர்கள்.

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. தயாரிப்பாளர் கேட்கிறார், "இன்றைய ரசிகனுக்கு இதில் என்ன இருக்கிறது?" ட்ரெய்லருக்கு ஒரு பஞ்ச் வசனம் தேவைப்படுகிறது. பழைய ஆட்களின் பேச்சு எட்டாமல் போய்விடுமோ என்ற பயம் வேறு. எந்தக் காலத்துப் படமும் அந்தக் காலத்தின் கவலையைச் சுமந்துதான் வரும் என்பதும் உண்மை. அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே, 1939இலேயே, தன் மண்ணில் இருந்த நாஜி உளவாளிகளைப் பற்றி ஹாலிவுட் படமெடுத்து எச்சரித்தது. அது செய்தி சொன்ன படம்தான், வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் அது தன் காலத்து மனிதர்களைத் தன் காலத்து மொழியில் பேசவைத்தது. நீங்கள் எடுப்பது எண்பது ஆண்டு முன்பு வாழ்ந்து முடிந்தவர்களின் கதை. எதைச் சொல்லத் தேர்ந்தெடுக்கிறீர்கள், எங்கே கேமராவை நிறுத்துகிறீர்கள், யார் முகத்தில் காட்சியை முடிக்கிறீர்கள் என்பதில் உங்கள் அரசியல் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். நூரை நாயகியாக்குவதே ஓர் அரசியல் முடிவுதான், நல்ல முடிவு. அதை எடுத்தபிறகும் அவரை நம்பாமல் உதட்டில் நம் வாசகத்தை எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

திரைக்கதை எழுதும் மேசையில், அந்தக் கால மனிதர்களின் கடிதங்களையும் விசாரணைக் குறிப்புகளையும் படித்த ஒருவரை உட்கார வையுங்கள். ஒவ்வொரு பெரிய வசனத்துக்கும் அவர் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இதை இவர் யாரிடம் சொல்கிறார், சொன்னால் என்ன ஆகும்? எதிரிக்கும் மூளை கொடுங்கள். நாஜி அதிகாரி முட்டாளாக இருந்தால் அவனிடம் தப்பிக்கும் உளவாளிக்கு என்ன பெருமை? நாயகரிடம் நமக்குப் பிடிக்காத கருத்துகள் இருந்தால், இன்று நமக்கு முகம் சுளிக்கவைக்கும் கருத்துகளாக இருந்தாலும், அவற்றை அழிக்காதீர்கள். அகிம்சையைப் போற்றிய நூருக்கும் அமைதிவாதி போன்ஹோஃபருக்கும் தங்கள் வேலையே தங்கள் கொள்கையோடு மோதியது. அந்த மோதல்தான் படம்.

கடைசியாக, உங்களுக்குப் பெரிய செலவு வைக்காத ஒன்று. "உண்மைச் சம்பவங்களைத் தழுவியது" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, யார் உண்மையில் இருந்தவர், யார் பலரைச் சேர்த்துச் செய்த கற்பனைப் பாத்திரம், ஆவணத்தில் இருக்கும் வார்த்தை எது, நீங்கள் எழுதியது எது என்று எழுத்தில் போடுங்கள். பார்வையாளர்களிடையே நடக்கும் சண்டையில் பாதி, எது நடந்தது எது எழுதப்பட்டது என்று தெரியாமல் நடக்கும் சண்டை. அதைத் தீர்க்கும் தகவல் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் படங்களை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகர்